பி சைடுல கடைசிப் பாட்டு

அண்ணாச்சி, அந்தப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டியன்னா நானும் உக்காந்துக்கிடுவேன். இல்ல இல்ல, எந்திரிக்க வேண்டாம், கொஞ்சம் ஒதுங்கினாப் போதும். ஆங், அவ்வளவுதான். திருச்செந்தூர் பஸ்ஸுல இந்த நேரத்துக்கு எடம் கெடைக்கதே பெரிய விசயம்.

டிரம்பெட்டுதான அது? பெட்டியப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன். நானும் இந்த லைனுதான். லைனுன்னா, நீங்க வாசிக்கது வேற, நாங்க வாசிச்சது வேற. நாங்க ராக். பேண்டு செட்டு இல்ல, பேண்டு. வித்தியாசம் இருக்குல்லா? ஒங்களக் கொறச்சுச் சொல்லல. வித்தியாசம் இருக்குன்னு சொல்லுதேன்.

எங்க எறங்கணும்? வீரபாண்டியன்பட்டணமா? நானும் அங்கதான். அடக்கத்துக்கா போறிய? யாரு வீட்டு அடக்கம்? ஐஸ் பேக்டரி ஹெர்மஸா?

சரியாப் போச்சு. நானும் அவன் அடக்கத்துக்குத்தான் போறேன். ஆண்டவரு ஆள எங்க கொண்டாந்து உக்கார வைக்காரு பாருங்க.

அப்ப ஒங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துல ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுவாவ. 'கொஞ்சம் நில்லு'. தெரியும்லா? தெரியாம இருக்குமா, இந்தக் கடற்கரையில அது தெரியாத பேண்டு செட்டு ஏது. அத மட்டும் இன்னைக்கு வாசிக்காதிய. ஒதடு வெடிச்சிருக்குன்னு சொல்லிருங்க. மறந்துட்டுன்னு சொல்லிருங்க. வேற எது வேணும்னாலும் வாசிங்க, அத மட்டும் விட்டுருங்க.

ஏன்னு கேக்கிய. கேக்கணும்லா. சொல்லுதேன்.

எம் பேரு டென்சில். ரெண்டாம் கேட் டென்சில்னு சொன்னா தெரியும். தெரியலையா? சரி, விடுங்க. தூத்துக்குடியில ரெண்டாம் ரயில்வே கேட்டுப் பக்கத்துல ஒரு குடோனுக்குப் பின்னால எங்களுக்கு ஒரு ரூம்பு இருந்துச்சு. அதனால பேண்டுக்கும் ரெண்டாம் கேட்டுன்னே பேரு வச்சேன். நான்தான் வச்சேன். மூணு பேரு நாங்க. பாட்டும் கிடாரும் நான். டிரம்ஸு சுடலைமுத்து. பேஸ் கிடாரு ஹெர்மஸு. பேஸுன்னா நாலு கம்பி, அடியில டும் டும்னு போகும். போறது காதுல விழாது. நிப்பாட்டினாத்தான் என்னமோ கொறையுதேன்னு இருக்கும். அந்த மாதிரி ஒரு வேல.

அதுக்கு முன்னால நானும் ஹெர்மஸும் கோயில் கொயர்ல இருந்தோம். பூசையில காணிக்கைப் பாட்டுக்கு நான் கிடாருல டிஸ்டார்ஷன் போட்டு கர்ருன்னு அலற விட்டேன்னு சாமியாரு என்னை வெளிய அனுப்பிட்டாரு. அன்னைக்கே நான் ராக் ஸ்டாரு, பாத்துக்கிடுங்க. ஹெர்மஸும் கிடாரத் தூக்கிட்டு எம் பின்னாலயே எறங்கி வந்துட்டான். அவன யாரும் போகச் சொல்லல. எதுக்குல வந்தன்னு கேட்டேன். 'நீ போறல்லா'ன்னான். அவன் புத்தி அவ்வளவுதான்.

இப்ப நான் போட்டுருக்க ஆல்பத்தப் பாருங்க. இந்தா. 'ரெண்டாம் கேட், கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. போன மாசம்தான் வந்துச்சு. பிரிச்சுப் பாருங்க, பரவாயில்ல. அட்டையில நடுவுல நிக்கது நான். முடி அப்ப அப்படி இருந்துச்சு, என்ன செய்ய. ஓரத்துல ஒரு கை மட்டும் தெரியுதுல்லா, அது ஹெர்மஸு கை. போட்டோவ வெட்டினா அப்படித்தான் வரும். முழுசாப் போட்டா நான் சின்னதாப் போயிருவேன்.

சிடி பிளேயரு இப்ப யாருகிட்ட இருக்குன்னு கேப்பிய. எங்கிட்டயே இல்ல. ஆனா கையில பிடிக்க ஒரு பொருளு வேணும்லா. நம்ம வாழ்க்கைன்னு ஒண்ண எடுத்து நீட்டணும்லா, இந்தான்னு.

ரெண்டு கேசட்டு போட்டோம் நாங்க. ரெண்டுலயும் சேத்து மொத்தம் பன்னெண்டு பாட்டு. அதுல பதினொண்ணு கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்ல இருக்கு. சிரிக்காதிய. சுடலைமுத்தும் மஸ்கட்டுல இருந்து இதேதான் கேட்டான். 'அம்புட்டையும் போட்டுட்டு அதுல என்னலே கிரேட்டஸ்டு?' நான் சொன்னேன், அம்புட்டையும் எங்கலே போட்டேன், ஒண்ண விட்டுருக்கேம்லா. ஒண்ண விட்டாத்தான அதுக்குப் பேரு செலக்சன்.

விட்டது எதுன்னு சொல்லணுமா ஒங்களுக்கு. அதேதான்.

வெளியீட்டு விழா வச்சேன், எங்க வீட்டு மாடியில. சேரு வாடகைக்கு எடுத்தேன். சேரு கொண்டாந்த ஆளு மொத வரிசையிலயே உக்காந்துட்டாரு. திருப்பி எடுத்துட்டுப் போகணும்லா, எதுக்கு ரெண்டு நடைன்னு. அப்புறம் எங்கிட்ட கீபோர்டு படிக்க வாற பிள்ளையளோட அம்மாமாரு ரெண்டு பேரு. அவ்வளவுதான் கூட்டம். எனக்கு வீட்டுல ஆளு கெடையாது, கல்யாணம் பண்ணல. ராக் ஸ்டாருக்கு எதுக்குக் கல்யாணம்னு இருந்தேன். பெறகு யாரும் கேக்கல. ஹெர்மஸக் கூப்பிட்டேன். ஒடம்புக்கு முடியலன்னான். எல்லாரும் சொல்லுததுதான, ஒடம்புக்கு முடியலன்னு.

பதினோரு பாட்டையும் போட்டுக் காட்டினேன். முழுசா. எல்லாம் ஓய்ஞ்ச பெறகு அந்தச் சேருக்காரரு வந்து எங் கையப் பிடிச்சுக் குலுக்கிட்டு, 'ஏன் சார், நீங்க அந்தக் கொஞ்சம் நில்லு பாடின செட்டு இல்லையா?' அப்படிங்காரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அந்தச் சேருல ஒண்ணத் தூக்கி... சரி, அவரு சேரு, அவரு எடுத்துட்டுப் போயிட்டாரு.

யூடியூப்லயும் ஏத்திருக்கேன். ஒரே ஒரு கமெண்டு வந்துருக்கு. பாருங்க, இந்தா. 'கொஞ்சம் நில்லு எங்கே?' போட்டவன் யாருன்னே தெரியல. நல்லா நாலு வார்த்த கேட்டு பதில் எழுதினேன். காலையில எந்திரிச்ச ஒடனே பாக்கேன், ஏதும் எழுதிருக்கானான்னு. சண்டைக்காவது வருவான்னு பாத்தா வர மாட்டேங்கான்.

பழையகாயல் தாண்டிட்டு போல. தண்ணி குடிக்கியளா? வாசிக்கப் போற வாய், காயக் கூடாது.

அந்தப் பாட்டுக்கு வாறேன். மொத கேசட்டு ரெக்கார்டிங்கு. எங்க ரூம்புலயேதான், மிசின வாடகைக்குக் கொண்டாந்து வச்சு. கூட்ஸ் வண்டி வந்தா நிப்பாட்டணும், போன பெறகு மறுபடி பாடணும். எம் பாட்டு அஞ்சும் ஆயிட்டு. பி சைடுல கொஞ்சம் எடம் மிச்சம். நான் 'தீப்பெட்டி' பாட்ட இன்னொரு தடவ எடுப்போம்னேன். அப்ப ஹெர்மஸு மெதுவா, 'நான் ஒண்ணு வச்சிருக்கேன், பாடட்டுமா'ங்கான். அவன் வாயத் தொறந்து கேட்டது அதான் மொத தடவ. சுடலைமுத்து ஒடனே 'பாடு மக்கா'ன்னுட்டான். நான் வேண்டாம்னு சொல்லல. டீ குடிக்கப் போயிட்டேன்.

என்ன பெரிய பாட்டு அது? ஜெஸிந்தா இருக்காள்லா, இப்ப அவன் பொண்டாட்டி, அவ வீடு கேட்டுக்கு அந்தப் பக்கம். இவன் சைக்கிள்ள போறதுக்குள்ள கேட்டுக்காரன் கேட்ட மூடிருவான். அவ அங்க நிப்பா, இவன் இங்க நிப்பான், நடுவுல கூட்ஸ் வண்டி போகும். 'கொஞ்சம் நில்லு, வந்துருதேன். கொஞ்சம் நில்லு, வந்துருதேன்.' அம்புட்டுதான். இதுல எங்க ராக் இருக்கு, நீங்களே சொல்லுங்க. என்னது? கோயில்ல பாடுத ஞானப்பாட்டுன்னா நெனச்சிருந்திய இத்தன வருசமா? ஐயையோ. அவன் கேட்டாச் சிரிப்பான்.

சிரிச்சிருப்பான்.

நான் டீ குடிச்சேன். ரெண்டாவது டீயும் குடிச்சேன். போதும்டா சாமின்னு திரும்பி வந்து கதவத் தள்ளிட்டு, 'ஏலே, முடிஞ்சுதா?'ன்னு கேட்டேன். கடைசிச் சத்தம் அப்பத்தான் அடங்குது, டேப்பு ஓடிட்டு இருக்கு. எங் கொரலும் அதுல விழுந்துட்டு. 'கொஞ்சம் நில்லு, வந்துருதேன்', அப்புறம் சின்னதா ஒரு அமைதி, அப்புறம் நான்: 'ஏலே, முடிஞ்சுதா?'

வெட்டிருங்கன்னு சொன்னேன். ஹெர்மஸுதான் விடல. 'இருக்கட்டும்லே. நீயும் பாட்டுல இருக்கணும்லா'ன்னான். பாருங்க எகத்தாளத்த! நான் பாடின பதினோரு பாட்டு இருக்கு, அதுல இல்லாத நான், இவன் பாட்டுல கதவத் தொறக்கதுலயா இருக்கேன்?

கேசட்டு வந்துச்சு. எம் பாட்டு இருக்க ஏ சைட யாரும் போடல. பி சைடக் கடைசி வரைக்கும் ஓட்டிட்டு அந்த ஒண்ணையே கேட்டாவ. அப்புறம் புன்னக்காயல்ல ஒருத்தன், புது மாப்பிள்ள, கடலுக்குப் போனவன் பொணமா வந்தான். அவனுக்குப் பிடிச்ச பாட்டுன்னு அவன் பொண்டாட்டி கேசட்ட ஒங்கள மாதிரி ஒரு பேண்டு செட்டுகிட்ட குடுத்து, இத வாசிச்சுதான் கொண்டு போகணும்னுட்டா. அதுல பிடிச்சது. அப்புறம் அந்த ஊரு, இந்த ஊருன்னு எழவு விழுற எடமெல்லாம் அதுதான். நான் ஒரு நாளு பைக்கில போறேன், எதிர்ல ஒரு ஊர்வலம். ஓரமா நின்னு சிலுவ போடுதேன். என்னடா கேட்ட பாட்டா இருக்கேன்னு பாத்தா, அது. பின்னால ஆட்டோவுல மைக்கு செட்டு, அதுல கேசட்டு. கடைசில எங் கொரலு. 'ஏலே, முடிஞ்சுதா?' அதக் கேட்டதும்தான் பொம்பளையாளுவ ஓங்கி அழுதாவ. செத்தவன் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் அவன்கிட்ட கேக்கேன், முடிஞ்சுதான்னு.

எப்படி இருக்கும், சொல்லுங்க. ராக் பேண்டு நாங்க. எங்க பாட்டுக்கு ஆளு ஆடணும், தலைய ஆட்டணும், சண்ட போடணும். மூக்கச் சிந்துதாவ.

திருவிழா மேடைக்குக் கூப்பிடுவாவ. நான் ரெண்டு பாட்டு பாடுததுக்குள்ள கீழ இருந்து 'கொஞ்சம் நில்லு, கொஞ்சம் நில்லு'ன்னு சத்தம். நான் எறங்கி டீ குடிக்கப் போயிருவேன், ஹெர்மஸு பாடுவான். பாட்டு முடியும், மொத்தக் கூட்டமும் ஒண்ணு போல கத்தும், 'ஏலே, முடிஞ்சுதா?' சின்னப் பிள்ளையள்ள இருந்து கெழவி வரைக்கும். நான் டீக்கடையில நிக்கேன், டீக்கடைக்காரனும் சேந்து கத்துதான். கேலிதான? வேற என்ன? ஒரு திருவிழாவுல வயரப் பிடுங்கிப் போட்டுட்டு எறங்கி வந்துட்டேன். அன்னைக்கு யாரும் எம் பின்னால வரல. ஹெர்மஸு மேடையில நின்னு பாத்துட்டே இருந்தான். அதோட பேண்டு முடிஞ்சிட்டு. சுடலைமுத்து மஸ்கட்டு போனான், ஹெர்மஸு இங்கன ஐஸ் பேக்டரியில சேந்தான். நான் மட்டும்தான் இன்னும் ரெண்டாம் கேட்டுல இருக்கேன். ஒருத்தராவது இருக்கணும்லா.

ஆனா அவன் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் பண்ணுவான். ஹலோன்னு சொல்ல மாட்டான். எடுத்த ஒடனே, 'ஏலே, முடிஞ்சுதா?'ம்பான். என்னலே வேணும்னு கேப்பேன். 'ஒண்ணும் வேண்டாம், சும்மாதான்'ம்பான். அப்புறம் ரெண்டு பேரும் பேச மாட்டோம். அவன் பக்கம் பேக்டரிச் சத்தம் கேட்டுட்டு இருக்கும், நான் கேட்டுட்டு இருப்பேன். அப்புறம் வச்சிருவான். ஒரு மனுசன் எத்தன வருசம்தான் கேலி பண்ணுவான்? போன கிறிஸ்துமஸுக்கு நான் எடுக்கல. ஆல்பம் மிக்சிங் வேல. வேற யாரும் அன்னைக்குப் போன் பண்ணல, அதனால போனுல அவன் நம்பரு மேலயே கெடந்துச்சு.

ஆல்பம் வந்த பெறகு நான்தான் கூப்பிட்டேன். பதினோரு பாட்டுன்னேன். தன் பாட்டு இருக்கான்னு கேப்பான், நல்லாச் சொல்லணும்னு பதிலெல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன். கேக்கவே இல்ல. 'கடைசில எப்படி முடியுது?'ன்னு மட்டும் கேட்டான். 'தீப்பெட்டி'தான் கடைசி, டிரம்ஸோட நச்சுன்னு முடியும்னேன். 'நல்லது மக்கா'ன்னான். இருமினான். அப்ப எல்லாருக்கும்தான் இருமல் இருந்துச்சு.

இன்னைக்குக் காலையில ஜெஸிந்தா கூப்பிட்டா. அவன் நம்பருல இருந்து வருது போனு. கிறிஸ்துமஸும் இல்ல, ஒண்ணும் இல்ல, இவன் எதுக்குக் கூப்பிடுதான்னு எடுத்து, அவன் கேக்கதுக்கு முன்னால நானே 'ஏலே, முடிஞ்சுதா?'ன்னேன்.

'முடிஞ்சிட்டு அண்ணே'ன்னா ஜெஸிந்தா.

ஒரு நிமிசம், அண்ணாச்சி. சன்னலத் தள்ளுங்க. உப்பளக் காத்து, கண்ணுல கரிக்குது.

விசயத்துக்கு வாறேன். அவ சொல்லுதா, ஹெர்மஸு ஆசுபத்திரியில வச்சே சொல்லிட்டானாம். குழிக்கிட்ட பேண்டு செட்டு அந்தப் பாட்ட வாசிக்கணும். முடிஞ்ச ஒடனே டென்சில் கேக்கணும். கேசட்டு வேண்டாம், ஆளு நேருல வந்து கேக்கணும். அவன் கேட்ட பெறகுதான் மண்ணு போடணும். 'நீங்க பாட வேண்டாம் அண்ணே, அந்த ஒரு வார்த்தைய மட்டும் கேட்டாப் போதும்'ங்கா. எனக்கு எப்படி இருக்கும்? இத்தன வருசம் பாடினவன நீ பாட வேண்டாம்னு சொல்லுதாவ. சாகுற வரைக்கும் விடல பாருங்க அந்தக் கேலிய. செத்த பெறகும், அத்தன சனத்துக்கு முன்னால என்னை நிறுத்திக் கேக்க வைக்கணும். அதான் ஒங்ககிட்ட சொல்லுதேன். பாட்ட வாசிக்காதிய. பாட்டு இல்லன்னா கேள்வியும் இல்ல. நான் பாட்டுக்கு ஒரு சிடிய அவன் சவப்பெட்டிக்குள்ள வச்சிட்டு, நெத்தியத் தொட்டுக் கும்புட்டுட்டு வந்துருவேன்.

என்ன, தலைய ஆட்டுதிய?

கேலி இல்லையா? பெறவு என்ன அது?

இருங்க, இருங்க. மெதுவாச் சொல்லுங்க, பஸ்ஸு சத்தத்துல சரியாக் கேக்கல. நீங்க வாசிச்சு நிப்பாட்டுவிய. அப்ப எடம் விடுவியளா? எல்லா எழவுலயுமா? யாரு கேப்பா?

மவன் கேப்பான். 'எப்பா, முடிஞ்சுதா?' அப்படின்னு.

செத்தது பொம்பளையாளுன்னா அக்கா தங்கச்சி வந்து, 'ஏளா, முடிஞ்சுதா?' கேசட்டுல இருக்கதுனால அப்படிச் செய்தாவளா? அதான் மொறைன்னு ஆயிட்டா? எனக்குத் தெரியாதே. நான் எந்த எழவுக்கும் போறதில்லையே, அந்தப் பாட்டுக்குப் பயந்துல்லா போகாம இருந்தேன்.

யாரு வேணும்னாலும் கேக்கலாமா? கூடாதா?

ஆளு சண்ட போடுவாவளா, நான்தான் கேப்பேன்னு? ஒருத்தரு கேட்டுட்டா மத்தவங்க வாயத் தொறக்கக் கூடாதா? ரொம்ப நெருக்கமான ஆளு. ஒரே ஒரு ஆளு.

அவனுக்கு மவன் இருக்கான் அண்ணாச்சி. வளந்த பையன், மெர்ச்சண்ட் நேவியில. நேத்தே வந்துட்டானாம். கூடப் பொறந்தவன் ரெண்டு பேரு இருக்கான். ஜெஸிந்தா இருக்கா. அவ்வளவு பேரு இருக்காவ. இருந்தும் என்னையா சொன்னான்? நல்லா யோசிச்சுதான் சொன்னானா?

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எங்கிட்ட கேட்டாம்லா. 'ஏலே, முடிஞ்சுதா?'ன்னு. அவன் இந்த மொறையெல்லாம் தெரிஞ்ச ஆளு, இந்த ஊருலயே இருந்தவன். நான் என்னலே வேணும்னு கேட்டேன்.

கண்டக்டரு கூப்பிடுதாரு, நம்ம ஸ்டாப்பு வந்துட்டு. பெட்டியக் குடுங்க, நான் பிடிக்கேன். பாத்து எறங்குங்க, படி ஒசரம். இந்தப் பக்கம். அன்னா கொட்டகை தெரியுதுல்லா, அதான் வீடு. எவ்வளவு செருப்பு கெடக்கு பாருங்க வாசல்ல.

இந்த சிடிய நீங்களே வச்சுக்கிடுங்க. அவன் பெட்டிக்குள்ள வைக்க வேண்டாம். பதினோரு பாட்ட வச்சுக்கிட்டு அவன் என்ன செய்வான்.

நான் சொன்னத விட்டுருங்க அண்ணாச்சி. வாசிங்க. வாசிக்காம இருந்துராதிய. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்யுங்க. அந்தக் கடைசிச் சொரம் இருக்குல்லா, 'வந்துருதேன்'ல வாறது. ஒங்களுக்கு மூச்சு எவ்வளவு நேரம் நிக்கும்? நல்லா இழுத்துப் பிடிங்க. சாமியாரு பாப்பாரு, குழிக்காரன் மண்வெட்டியோட நிப்பான், அதையெல்லாம் நீங்க பாக்காதிய. விட்டுராதிய. நீங்க விட்டாத்தான நான் கேக்கணும்.